சத்து மாத்திரை வாங்கும் முன்: டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்

சத்து மாத்திரை டப்பாவின் முன்பக்கத்தை எழுதுபவர் விற்பனைக்காரர். பின்பக்கத்தை எழுத வைப்பது சட்டம். முன்பக்கத்தில் பளபளக்கும் முடி, ஓடும் மனிதர், 'எதிர்ப்புச் சக்தி' என்ற பெரிய எழுத்து எல்லாம் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும். வாங்கலாமா வேண்டாமா என்பதைச் சொல்வது அந்த அட்டவணைதான். ஆனால் அதைப் படிப்பதற்கு முன்னால் உங்களிடமே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எனக்கு எந்தச் சத்து குறைகிறது, அது எப்படித் தெரியும்? இதற்குப் பதில் இல்லையென்றால் எவ்வளவு நல்ல மாத்திரையானாலும் வீண் செலவுதான்.

சப்ளிமென்ட் என்ற ஒரே பெயருக்குள் பல சாமான்கள் அடக்கம். வைட்டமின்கள், இரும்பு, கால்சியம் போன்ற தாதுக்கள், புரதப் பொடி, மீன் எண்ணெய், நல்ல பாக்டீரியா, மூலிகைச் சாறு எல்லாமே இந்த அலமாரியில்தான் நிற்கும். இவை மருந்து அல்ல. மருந்தை விற்க வேண்டுமானால் அது வேலை செய்கிறது என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டும். சப்ளிமென்ட்டுக்குப் பல நாடுகளில் அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி, தயாரிப்பாளர் முன் அனுமதி வாங்காமலே சந்தைக்கு வரலாம். கேடு தெரிந்த பிறகுதான் அரசு தலையிடும். கடையில் கிடைக்கிறது என்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்து அனுப்பியிருப்பார்கள் என்று நம்பிவிடக் கூடாது.

யாருக்கு உண்மையில் பயன்?

சப்ளிமென்ட்டால் பலன் உறுதி என்று சொல்லக்கூடிய இடங்கள் சில உண்டு. முதலாவது, ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்கள். அடுத்தது, சில வாழ்க்கைக் கட்டங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தால், குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக் குறைபாடுகள் வெகுவாகக் குறைகின்றன. அந்த நரம்புக்குழாய் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடும். கர்ப்பம் என்று தெரியவே அதற்கு மேல் ஆகிவிடும் என்பதால்தான் முன்னாலேயே தொடங்கச் சொல்கிறார்கள். அசைவமும் பாலும் அறவே தொடாதவர்களுக்கு பி12 கட்டாயம். அது தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைப்பதில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுப்பவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரையைப் பல ஆண்டுகள் விழுங்குபவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கும் பி12 குறையலாம்.

இன்னொரு வகை, குறிப்பிட்ட நோய்க்கென்று சோதித்துப் பார்த்த கலவை. கண்ணின் விழித்திரை மையம் வயதால் தேய்ந்து இடைநிலைக்கு வந்தவர்களுக்கு ஏ.ஆர்.இ.டி.எஸ்.2 என்ற கலவை நோய் முற்றுவதைத் தாமதப்படுத்துகிறது. அதில் வைட்டமின் சி 500 மி.கி., லூட்டீன் 10 மி.கி., ஜியாசாந்தின் 2 மி.கி., துத்தநாகம், தாமிரம் எல்லாம் உண்டு. அந்த நோய் இல்லாதவர் இதையே எடுத்தால் நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'கண்ணுக்கு நல்லது' என்று டப்பாவில் எழுதும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

இவற்றுக்கு அப்பால், 'பொதுவாக உடம்புக்கு நல்லது' என்ற கணக்கில் எடுப்பதன் பலன் மிக மெலிது. 25,871 பேரைச் சுமார் ஐந்து ஆண்டு கண்காணித்த வைட்டல் ஆய்வில், தினம் 2000 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் வந்த அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே போதுமான டி இருந்தது. நிறைந்த குடத்தில் ஊற்றிய தண்ணீர்தான்.

சில நேரம் ஊற்றிய தண்ணீர் கெடுதலும் செய்யும். காய்கறியில் பீட்டா கரோட்டின் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பார்த்து, ஃபின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதனை செய்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. காய்கறியாகச் சாப்பிடும்போது நல்லது செய்வதெல்லாம், அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து மாத்திரையில் அடைத்தாலும் அதே நன்மையைச் செய்யும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புகைபிடிப்பவர்களும், புகைப்பழக்கத்தை விட்டவர்களும் பீட்டா கரோட்டின் மாத்திரையைத் தொடாமல் இருப்பதே சரி.

பரிசோதனைத் தாளில் எதைப் பார்ப்பது?

சோர்வு, முடி உதிர்தல், கை கால் மரத்துப்போதல் போன்ற அறிகுறிகளை வைத்து எந்தச் சத்துக் குறைவு என்று ஊகிக்க முடியாது. ஒரே சோர்வுக்கு இரும்பு, பி12, தைராய்டு, தூக்கம் என்று பத்துக் காரணம் இருக்கும். இரும்புக்கு ஹீமோகுளோபின் மட்டும் போதாது, ஃபெரிட்டினும் வேண்டும். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கிடங்கில் எவ்வளவு இருப்பு என்று காட்டும் எண். கிடங்கு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். ஆரோக்கியமான பெரியவர்களில் 15-க்குக் கீழ் (ஒரு லிட்டருக்கு மைக்ரோகிராமில்) போனால் குறைபாடு. ஒரு சிக்கல் என்னவென்றால், காய்ச்சலோ உடம்பில் அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். குறைபாடு இருந்தும் இயல்பு போலக் காட்டும். ஆகவே உடம்பு சரியில்லாத வாரத்தில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

வைட்டமின் டிக்குக் கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. ஒரு மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு, 20-ஐ எட்டினால் பெரும்பாலோருக்குப் போதும். 100-ஐ நோக்கி ஏற்றுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

பின்பக்க அட்டவணை

இப்போது டப்பாவைத் திருப்புங்கள். முதலில் கண் போக வேண்டியது 'ஒரு வேளை அளவு' என்ற வரிக்கு. அட்டவணையில் இருக்கும் எண் ஒரு மாத்திரைக்கா, மூன்று மாத்திரைக்கா என்பது அங்கேதான் இருக்கும். மூன்று மாத்திரைக்கான எண்ணைப் படித்துவிட்டு ஒன்று மட்டும் விழுங்குபவர்கள் நிறைய.

அடுத்து மீன் எண்ணெய் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் '1000 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது எண்ணெயின் எடை. உங்களுக்கு வேண்டியது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். பின்னால் பார்த்தால் பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்றிருக்கும். கூட்டினால் 300. மீதி 700 மில்லிகிராம் வேறு கொழுப்பு. இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது இந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வைத்தே விலையைக் கணக்கிட வேண்டும். மீன் சேராதவர்களுக்குக் கடற்பாசி எண்ணெயிலும் இதே அமிலங்கள் கிடைக்கின்றன. மீனுக்கே அது பாசி வழியாகத்தான் போய்ச் சேர்கிறது.

தாதுக்களில் இன்னொரு கண்கட்டு வித்தை உண்டு. ஃபெரஸ் சல்பேட் 325 மி.கி. என்று எழுதியிருந்தால் அது உப்பின் மொத்த எடை. அதில் உள்ள இரும்பு, அதாவது உடம்புக்குக் கணக்கில் வரும் 'தனிம இரும்பு', 65 மி.கி. மட்டுமே. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, ஃபெரஸ் குளுக்கோனேட்டில் 12 சதவீதம்தான். கால்சியம் கார்பனேட்டில் 40 சதவீதம் கால்சியம், சிட்ரேட்டில் 21 சதவீதம். நல்ல லேபிள் தனிம அளவை நேரடியாகச் சொல்லிவிடும். சொல்லாமல் உப்பின் எடையை மட்டும் போட்டிருந்தால், மருந்தாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வைட்டமின் டியில் அலகுக் குழப்பம். சில டப்பாவில் மைக்ரோகிராம், சிலவற்றில் ஐ.யு. ஒரு மைக்ரோகிராம் என்பது 40 ஐ.யு. பெரியவர்களுக்கு ஒரு நாளைத் தேவை 600 ஐ.யு., 70 வயதுக்கு மேல் 800. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் தினம் 4000-க்கு மேல் போகக் கூடாது. குறைபாடு தீர்க்க 60,000 ஐ.யு. கொடுப்பதுண்டு, ஆனால் அது வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும். அதைத் தினம் ஒன்றாக எடுத்துவிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கும்போதே அட்டையில் 'ஞாயிறு மட்டும்' என்று பேனாவால் எழுதிவைத்தால் இந்தத் தவறு நடக்காது.

பி12 மாத்திரையில் 1000 மைக்ரோகிராம் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் குடலில் அதை ஏற்றிச் செல்லும் புரதம் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவில் நிரம்பிவிடுகிறது. மீதியில் சுமார் ஒரு சதவீதம் மட்டும் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆயிரத்தில் பத்துப் பன்னிரண்டு உள்ளே போனால் போதும் என்பதுதான் கணக்கு. மெத்தில்கோபாலமின் என்ற பெயர் இருப்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க அவசியமில்லை. சயனோகோபாலமினும் சாதாரணமாக நன்றாகவே வேலை செய்கிறது.

பட்டியலில் 'சிறப்புக் கலவை 800 மி.கி.' என்று போட்டு, அதன் கீழே பத்துப் பொருள் பெயரை வரிசையாக அடுக்கி, எதற்கும் தனி அளவு சொல்லாமல் விட்டிருந்தால் அந்த டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள். விலை உயர்ந்த பொருள் சிட்டிகைகூட இருக்காது, மலிவானதே நிரம்பியிருக்கும் என்று சந்தேகிக்க எல்லா நியாயமும் உண்டு.

மிஞ்சினால் சிறுநீரில் போய்விடுமா?

நீரில் கரையும் வைட்டமின்கள் எவ்வளவு எடுத்தாலும் பாதகமில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பி6 இதற்கு நல்ல மறுப்பு. அதை அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். அமெரிக்காவில் இதன் உச்ச வரம்பு 100 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் தன் வரம்பை 12 மி.கி. ஆகக் குறைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், நரம்புத் தளர்ச்சிக்கென்று விற்கும் மாத்திரைகளில்தான் பி6 தூக்கலாக இருக்கும். வைட்டமின் சி தினம் 2000 மி.கி.க்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு. சிலருக்குச் சிறுநீரகக் கல்.

கொழுப்பில் கரையும் ஏ, டி போன்றவை உடம்பில் தங்கிச் சேர்பவை. கர்ப்பிணிகள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ-வைத் தினம் 3000 மைக்ரோகிராமுக்கு மேல் எடுத்தால் குழந்தைக்கு ஊனம் வரும் அபாயம் உண்டு.

பெரும்பாலான மிகை, ஒரே மாத்திரையால் வருவதில்லை. அடுக்கி வைப்பதால் வருகிறது. மல்டிவைட்டமினில் துத்தநாகம் 15 மி.கி., முடி மாத்திரையில் 15, சளிக்கென்று வாங்கியதில் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 55. உச்ச வரம்பு 40. துத்தநாகம் இப்படி நெடுநாள் மிஞ்சினால் தாமிரம் உறிஞ்சப்படாமல் போய், தாமிரக் குறைவாலேயே ரத்தசோகை வரும். வீட்டில் உள்ள எல்லா டப்பாக்களையும் மேஜையில் பரப்பி, ஒரே சத்து எத்தனை இடத்தில் வருகிறது என்று தாளில் கூட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஃபோலிக் அமிலத்துக்கும் ஒரு எச்சரிக்கை. பி12 குறைபாடு இருப்பவர் ஃபோலிக் அமிலம் மட்டும் அதிகமாக எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும். உள்ளே நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

மற்ற மருந்துகளோடு மோதல்

தைராய்டுக்கு லெவோதைராக்ஸின் எடுப்பவர்கள் இரும்பையும் கால்சியத்தையும் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சேர்த்து எடுத்தால் அவை மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலிலேயே தங்கவைத்துவிடும். மாத்திரை ஒழுங்காக எடுத்தும், தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு ஏறிக்கொண்டே போவதற்கு இது ஒரு காரணம். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இதே கதி. ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே கலந்த எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, மற்ற மருந்துகளைக் கல்லீரல் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். அதனால் கருத்தடை மாத்திரையும், உறுப்பு மாற்றம் செய்தவர்களின் மருந்தும்கூடப் பலனில்லாமல் போகலாம். மூலிகைதானே என்று இதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் வேறு மாதிரி தொந்தரவு. ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும் என்னும்போது மாத்திரையில் 5000, 10,000 என்று அடைத்திருப்பார்கள். உடம்புக்கு நேரடிக் கேடு பெரிதாக இல்லை. ஆனால் தைராய்டு, மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் போன்ற ரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாக்கிவிடும். ட்ரோபோனின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால் மாரடைப்பே தவறிப்போகும். பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் எடுப்பதைச் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'இயற்கையானது' என்ற சொல் பாதுகாப்புக்குச் சான்று அல்ல. செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாற்றில் இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் தினம் 800 மி.கி. அளவைத் தொட்டால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிகின்றன. மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரையாலும், அஸ்வகந்தாவாலும் கல்லீரல் கெட்டவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். எடைக் குறைப்பு, தசை வளர்ச்சி, ஆண்மை என்ற மூன்று வகைகளில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின், ஸ்டீராய்டு, சில்டெனாஃபில் போன்ற மருந்துகளை லேபிளில் சொல்லாமல் கலந்து பிடிபடுவது பெரும்பாலும் இவற்றில்தான். ஒரே வாரத்தில் கண்கூடாகப் பலன் தரும் 'மூலிகை' என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தரத்துக்கு என்ன சான்று? தயாரிப்பாளருக்குத் தொடர்பில்லாத மூன்றாம் தரப்புச் சோதனை முத்திரைகள் உண்டு. யு.எஸ்.பி. வெரிஃபைட், என்.எஸ்.எஃப்., விளையாட்டு வீரர்களுக்கு இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் ஆகியவை நம்பத்தக்கவை. லேபிளில் எழுதியது உள்ளே இருக்கிறது, ஈயம் போன்ற கழிவுகள் வரம்புக்குள் இருக்கின்றன என்பதையே அவை சொல்கின்றன. உங்களுக்குப் பலன் தரும் என்று சொல்லவில்லை. நல்ல பாக்டீரியா வாங்கினால் பாக்டீரியாவின் முழுப்பெயரோடு வகை எண்ணும் இருக்கிறதா, உயிருள்ள எண்ணிக்கை காலாவதி நாள் வரைக்கும் உத்தரவாதமா, தயாரித்த அன்று மட்டும்தானா என்று பாருங்கள்.

எப்போது, எப்படி விழுங்குவது?

இரும்பு வெறும் வயிற்றில் நன்றாக ஏறும். தேநீர், காபி, கால்சியம் மூன்றும் தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தினம் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் விகிதம் உள்ளே போகிறது. ஒரு மாத்திரை போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, மறுநாள் வரை குடலின் கதவைச் சாத்திவைப்பதுதான் காரணம். வயிற்றுப் புரட்டலும் குறையும். கடும் ரத்தசோகையில் மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்னால் அதுவே முடிவு. மலம் கறுப்பது இரும்பால் வருவது; ஆனால் தார் போலப் பிசுபிசுத்தால் ரத்தக் கசிவாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

கால்சியத்தை ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் எடுத்துப் பயனில்லை, பிரித்தே எடுக்க வேண்டும். கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். வைட்டமின் டி கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பின்னால். தைராய்டு மாத்திரை, இரும்பு, கால்சியம் மூன்றும் ஒருவருக்கே வேண்டியிருந்தால் நாள் இப்படிப் போகும்: எழுந்ததும் தைராய்டு மாத்திரை, காலை உணவு, நண்பகலுக்குச் சற்று முன் வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியமும் டியும் இரவுச் சாப்பாட்டோடு.

புதிதாகத் தொடங்கும்போது ஒன்று மட்டும் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து அடுத்ததைச் சேருங்கள். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினால் தடிப்போ வயிற்றுவலியோ வரும்போது குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாது. தொடங்கும் அன்றே நிறுத்தும் நாளையும் காலண்டரில் குறியுங்கள். டி-க்கு மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. இரும்பில் ஹீமோகுளோபின் சில வாரங்களிலேயே ஏறத் தொடங்கும். அது இயல்பானதும் நிறுத்திவிடாமல், கிடங்கு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறவே இல்லையென்றால் மாத்திரையை மாற்றுவதைவிட, இரும்பு எங்கே கசிகிறது என்று தேடுவது முக்கியம். மாதவிடாய் மிகுதி, குடலில் ரத்தக்கசிவு, குடலின் உறிஞ்சும் கோளாறு ஆகியவை பார்க்க வேண்டியவை.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இரும்பு மாத்திரையைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். இனிப்புப் பூச்சுள்ள சில மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்து விழுங்கினாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. விழுங்கியது தெரிந்தால், குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு நச்சில் முதல் சில மணி நேர வாந்திக்குப் பிறகு குழந்தை தேறிவிட்டது போல ஒரு இடைவெளி வரும். பாதிப்பு அதற்குப் பிறகுதான் முற்றும்.